திட்டுவதற்கு ஒரு முட்டை

மதினி,

இன்று காலை அடுப்படி மேடையில் எண்ணெய் கொட்டிவிட்டது. துடைக்கத் துணி தேடியபோது, மூலையில் சுருட்டி எறியப்பட்டுக் கிடந்த ஒரு நீல பனியன் கையில் அகப்பட்டது. முதுகில் யாரோ ஒரு ஆட்டக்காரனின் பெயர், கீழே ஒரு நம்பர். போன வருடம் என் மகன் ஆசை ஆசையாக வாங்கியது. நல்ல துணியாயிற்றே என்று தயங்கி நின்றேன். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது, அதிலேயே துடைத்துக்கொள்ளச் சொன்னான். அந்த ஆட்டக்காரன் வேறு டீமுக்குப் போய்விட்டானாம். இனி அந்த டீமையும் பார்க்கப்போவதில்லையாம், ஃபுட்பாலையே பார்க்கப்போவதில்லையாம். நேற்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று மருமகள் சொல்லிச் சிரித்தாள்.

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவன், பாதித் தலை வழுக்கையானவன், ஐம்பதை நெருங்குகிறவன். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனபோதுகூட வழக்கத்தைவிட இரண்டு இட்லி அதிகமாகத்தான் தின்றான். அவன் முகம் பார்த்தே இராத ஒருத்தன் டீம் மாறியதற்குத்தான் இந்தப் பட்டினி.

பனியனை மூக்கருகே கொண்டுபோனேன். புதுக்குடையை முதன்முதலாக விரிக்கும்போது வருமே, அந்த நைலான் வாசனை அதில் இன்னும் மிச்சமிருந்தது. அவ்வளவுதான், மதினி. கையில் எண்ணெய்த் துணியோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். வண்டிப்பெரியாறு தெரிந்தது, ஆறு தெரிந்தது, ஆற்றுக்கு இக்கரையில் வரிசை வீடுகளாக நம் லயம் தெரிந்தது. எஸ்டேட் மேனேஜர் துரை முதன்முதலாக நம் டீமுக்கு நைலான் பனியன் வாங்கிக் கொடுத்த அன்று, நீங்கள் அதை மோந்து பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு ஆடினால் பந்து வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடுமே என்று சொன்னது காதில் கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

நீங்கள் போய் இன்னும் ஒரு மழைக்காலம் முழுதாக முடியவில்லை. அதற்குள் உங்களோடு இப்படி மனதுக்குள் பேசுவது எனக்குப் பழகிவிட்டது. இன்று எழுதியே பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அந்த எஸ்டேட்டுக்கு வந்தேன். முதல் நாள் கொழுந்து எடுக்கப் போனபோது உங்களுக்கு அடுத்த தேயிலை நிரையில் என்னை விட்டார்கள். உங்களுக்குத் தென்காசிப் பக்கம், எனக்குப் போடி. சொந்தமுமில்லை, பந்தமுமில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டதால் நீங்கள் எனக்கு மதினி ஆகிவிட்டீர்கள். மதினி என்று ஆனபிறகு கேலிக்கு என்ன குறைச்சல்? அன்றைக்கே என்னிடம், கொழுந்து எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் உன் புருசன் கோல் பிடிக்கிற வேகம்தான் நினைவுக்கு வருகிறது என்று சொன்னீர்கள். என் வீட்டுக்காரர் எஸ்டேட் டீமின் கோளி. கோல் காப்பவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் கோளி என்றுதான் சொல்வார்கள். வந்து ஒரு வாரம்கூட ஆகாத எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்தபிறகு நீங்கள் சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு அதுதானே. மழை விட்டு, பனி தொடங்கியதும் டவுன் மைதானத்தில் எஸ்டேட்டுகளுக்குள் ஆட்டம் ஆரம்பமாகிவிடும். தேயிலைச் சரிவில் பெண்கள் உட்காருவோம். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குதான் எல்லாருக்கும் பாய். மதியம் தாண்டினால் மேலே இருந்து மஞ்சு இறங்கும். நாம் மஞ்சு என்று சொல்லும் அந்த வெள்ளை மூட்டம் முதலில் மேல்கோலை மறைக்கும், அப்புறம் நடு மைதானத்தை, அப்புறம் எல்லாவற்றையும். பந்து தெரியாது. கால் தெரியாது. வெறுங்காலில் பந்து படும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். ஆயிரம் கண் இருந்தும் குருடாக உட்கார்ந்திருப்போம். திடீரென்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து அண்ணன் மட்டும் வெளியே வருவார், காலடியில் பந்தோடு, ஏதோ தூங்கி எழுந்து கிணற்றடிக்குப் போகிறவர் போல அவசரமே இல்லாமல். பின்னால் ஒருத்தனும் இருக்கமாட்டான். அந்தக் காட்சியை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. கனவில் கூடச் சத்தமில்லாமல் வந்து போகிறது.

அந்த லயத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. என் மகனுக்குச் சொன்னால் சிரிக்கிறான். ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், டீம் மேல் பிரியமுள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு முட்டை போகும். கேப்டன் வீட்டு வாசலில் பெரிய அண்டாவில் எல்லா முட்டையையும் ஒன்றாக வேகவைத்து ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். கறி என்பது தீபாவளிக்குப் பார்ப்பது, பால் என்பது பிள்ளைகளுக்கு. கால் ஓட வேண்டுமென்றால் அந்த முட்டைதான். கொடுப்பவர்களுக்கு அதற்குப் பதிலாக ஒரே ஒரு உரிமை உண்டு. மறுநாள் மைதானத்தில் டீமில் யாரை வேண்டுமானாலும், என்ன வார்த்தை வேண்டுமானாலும் சொல்லித் திட்டலாம். ஆட்டக்காரன் முகம் சுளிக்கக் கூடாது, வீட்டுக்கு வந்து சண்டை போடக் கூடாது. முட்டை கொடுக்காதவர்கள் கைதட்டலாம், வாயைத் திறந்து திட்டக் கூடாது. ஒருமுறை கங்காணி முட்டை தராமல் திட்டிவிட்டு, சரிவிலிருந்த அத்தனை பெண்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கங்காணி என்றால் அடுத்த நாள் மலையில் நம்மை வேலை வாங்குகிறவர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது.

அந்த உரிமையை உங்களைப்போல் பயன்படுத்தியவர்கள் யாருமில்லை. மற்றவர்கள் வேறு வீட்டு ஆண்களைத் திட்டிவிட்டுத் தங்கள் புருசன் தவறு செய்யும்போது சேலையைச் சரிசெய்வார்கள். நீங்கள் சொந்தப் புருசனைத்தான் முதலில் பிடிப்பீர்கள். புருசன் பெயரைச் சொல்லக் கூடாதே, அதனால், "எங்க வீட்டு ஆளு" என்று ஆரம்பிப்பீர்கள். வீட்டில் சோறு, லயத்தில் முட்டை, இரண்டையும் தின்றுவிட்டு ஆகாயத்துக்குப் பந்து அனுப்புகிற ஆளை எங்கும் பார்த்ததில்லை என்று நீங்கள் குரல் கொடுத்தால், எதிர் டீம்காரர்கள்கூட ஆட்டத்தை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அடுத்த பந்து கோலுக்குள் இருக்கும்.

ஆட்டக்காரனை எஸ்டேட்டோடு கட்டிப்போட அப்போது எந்தக் கயிறும் இல்லை. தீபாவளி போனஸ் கை மாறிய கையோடு, பேர் வெட்டுகிற காலம் வந்துவிடும். ஒரு எஸ்டேட்டில் பேரை வெட்டிக்கொண்டு இன்னொன்றில் பதிந்துகொள்ளலாம். அந்த நாட்களில் ஜீப்புகள் லயங்களுக்குள் வந்து போகும். ஒரு துரைக்கு வேகமாக ஓடுகிறவன் வேண்டும், இன்னொருவருக்கு உயரமானவன். வேலை நல்ல வேலையாகத் தருவார்கள், வீடு நல்ல வீடாகத் தருவார்கள். போன பருவத்தில் நம் முட்டையைத் தின்றவன் இந்தப் பருவத்தில் எதிரே நிற்பான். அப்படிப் பலர் போயிருக்கிறார்கள். ஒரு வாரம் திட்டுவோம், மறந்துவிடுவோம். ஆனால் அண்ணன் போவார் என்று லயத்தில் ஒருத்தரும் நினைத்ததில்லை. அவர் மேல் எல்லோருக்கும் இருந்தது வேறு மாதிரி. நம் வீட்டுக்கூரை பறந்துபோகுமா என்று யாராவது தினமும் அண்ணாந்து பார்க்கிறோமா?

அக்கரை எஸ்டேட் ஜீப் நம் லயத்து வாசலில் நின்ற விவரம் மலையெல்லாம் பரவிய அன்று நீங்கள் வாயே திறக்கவில்லை. கை மட்டும் கொழுந்தில் போய் வந்துகொண்டிருந்தது. நான்தான் பொறுக்காமல் கேட்டேன். அண்ணனுக்குப் போக மனமே இல்லை என்று சொன்னீர்கள். ஃபேக்டரியில் நிரந்தர வேலை, மெஷின் பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை, புகைபோக்கி வைத்த அடுப்படியோடு வீடு. இவ்வளவும் தருவதாகச் சொல்லியும் அவர் தலையை ஆட்டி அனுப்பிவிட்டாராம். லயத்து ஆட்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டாராம்.

பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"நான்தான் போகச் சொல்லப்போறேன் புள்ள. பந்து அடிக்கிற காலு இன்னும் எத்தன வருசம் ஓடும்? அதுக்கப்புறம் கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு மல ஏற முடியுமா அவுகளால? முட்டை குடுத்த லயம் அப்ப சோறு போடுமா?"

கவ்வாத்து வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தேயிலைச் செடியை வெட்டும் அந்தக் கத்தி தவறிக் காலில் இறங்கி, வாழ்நாள் முழுக்கச் சாய்ந்து நடந்தவர்கள் நம் லயத்திலேயே இருந்தார்கள். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. அண்ணன் போவதற்காக அல்ல, பக்கத்து நிரையில் நாளைக்கு யார் நிற்பார்கள் என்பதற்காக. அப்புறம் நம்ம டீம் என்னாகும் என்று ஏதோ ஒப்புக்குக் கேட்டுவைத்தேன்.

"நம்ம டீம்னா நாமதான். ஆடுறவன் வருவான், போவான். கத்துறவ எங்க போவா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டீர்கள். அக்கரைக்குப் போகப்போகிறவளின் வாயிலிருந்து இது என்ன பேச்சு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நீங்கள் அக்கரைக்குப் போன அன்று லாரியில் சாமான் ஏற்ற என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் வரவில்லை. கதவுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன, ஆனால் வாசலில் ஆள் இல்லை. டீம் கேப்டன் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை பார்த்து முழங்கைவரை பச்சைக்கறை ஏறியிருந்த, அதிகம் பேசாத மனிதர். அண்ணன் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேப்டன் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப்பிறகு அவர் அண்ணனோடு பேசவே இல்லை.

லயம் இரண்டாகப் பேசியது. சில இளவட்டங்கள், நாங்கள் பார்க்கப்போனதே அவரைத்தான், அவர் எங்கே ஆடுகிறாரோ அதுதான் எங்கள் டீம் என்று சொல்லி அக்கரைக் கூட்டத்தில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். மற்றவர்களுக்கு அண்ணன் பெயரைக் கேட்டாலே முகம் கறுத்தது. நம் முட்டையைத் தின்று வளர்ந்த கால் என்று அவர் காலைப் பற்றி ஏதோ நம் தொழுவத்து மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள். யார் சொன்னதும் எனக்குச் சரியென்று படவில்லை. தப்பென்றும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு அன்பு வைத்தவர்களுக்கு அவ்வளவு கோபம் வராமல் எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரர் மட்டும் சாயங்காலங்களில் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணன் அடிக்கிற பந்து எப்படி வரும் என்று மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

மாசியில் நம் டீமும் அக்கரை டீமும் மோதுகிற நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் கேப்டன் வீட்டு வாசலில் அண்டா ஏறியிருந்தது. பெண்கள் வரிசையாக முட்டையைக் கொண்டுவந்து தண்ணீரில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். கீழே தொங்குபாலம் ஆடுகிற சத்தம் கேட்டது. ஆற்றின் மேல் மஞ்சு கட்டியிருந்ததால் யாரென்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் ஒரு சேலை நிறம் முதலில் தெரிந்தது, பிறகு நடை, பிறகு நீங்கள். முந்தானை முனையில் எதையோ முடிந்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தீர்கள். பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் அவ்வளவு மெதுவாக மேடேறினீர்கள். அது என்னவென்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

யாரும் உங்களை வா என்று சொல்லவில்லை. நீங்களும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. நேரே அண்டாவிடம் வந்து முடிச்சை அவிழ்த்து முட்டையை எடுத்தீர்கள். கேப்டன் குறுக்கே கையை நீட்டினார். எதிர் டீம்காரன் பெண்டாட்டி முட்டை இந்த அண்டாவில் விழக்கூடாது என்றார். கூடி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி, மந்திரித்துக் கொண்டுவந்திருப்பாள் என்றாள். இன்னொருத்தி, உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்றாள். நாளைக்கு உன் புருசன் கோல் போட வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தானே வந்திருப்பாய் என்று கேப்டன் கேட்டார்.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. கையில் முட்டையோடு அவர் முகத்தைப் பார்த்தீர்கள்.

"அவுக வேலை அங்க. அனுப்புனது நான்தான், அவுக மேல பழி போடாதீக. ஆனா எம் மனசு இங்கதான் கெடக்கு. அத வெட்டிப் பதிய எந்த ஆபீசுல புஸ்தகம் வச்சிருக்காக?"

கேப்டன் கையை எடுக்கவில்லை. எனக்குப் புரிந்தது, மதினி. அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. அந்த முட்டை அண்டாவில் விழுந்தால் நீங்கள் நம் லயத்து ஆள். விழாவிட்டால் நீங்கள் அக்கரைக்காரி, இனி நம் பக்கத்துச் சரிவில் உட்கார இடமில்லை, வாய் திறக்க உரிமையில்லை. இத்தனை காலம் பக்கத்தில் வாழ்ந்ததெல்லாம் அந்த ஒரு கை நீளத்தில் வந்து நின்றுவிட்டது.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அண்டாவில் போட வேண்டாம், என்னிடம் கொடு தங்கச்சி என்றார். உங்கள் கையிலிருந்து வாங்கி, அண்டா விளிம்பில் தட்டி உடைத்து, எல்லோரும் பார்க்கப் பச்சையாகவே வாயில் ஊற்றிக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். அவருக்குப் பச்சை முட்டை ஆகாது, சின்ன வயதிலிருந்தே குமட்டும். ஆனாலும் விழுங்கிவிட்டார். கேப்டன் அவரை ஒரு பார்வை பார்த்தார். தின்றது நீ மட்டும்தான், நாளைக்கு அவள் திட்டினால் நீ மட்டும் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு விறகைத் தள்ளிவிடப் போனார். நீங்கள் வந்த வழியே பாலத்தில் இறங்கி மஞ்சுக்குள் போய்விட்டீர்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூட நாங்கள் கொடுக்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் நீங்கள் அக்கரைக்காரர்கள் உட்கார்ந்த பக்கம் போகவில்லை. நம் சரிவுக்குத்தான் வந்தீர்கள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நானிருந்த வரிசைக்கு நீங்கள் வர வழியில்லாமல், ஓரத்தில், தேயிலைச் செடியை ஒட்டி நின்றுகொண்டீர்கள். ஆட்டம் தொடங்கியது. முதல் பாதி முழுக்க நீங்கள் ஒரு சத்தம் போடவில்லை. அண்ணன் பந்தைத் தொடும்போதெல்லாம் நம் ஆட்கள் ஊளையிட்டார்கள். அண்ணன் காலும் அன்று அண்ணன் கால் மாதிரி இல்லை. பந்து வந்தால் உடனே யாருக்காவது கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

இரண்டாம் பாதியில் மஞ்சு இறங்கியது. மேல்கோல் மறைந்தது, நடு மைதானம் மறைந்தது. ஊளைச்சத்தமும் மெல்ல அடங்கிவிட்டது. எதைப் பார்த்து ஊளையிடுவது? காலில் பந்து படுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நம் கோலை நோக்கி வந்தது. பிறகு எப்போதும்போல வெள்ளைக்குள்ளிருந்து அண்ணன் வெளியே வந்தார், தனியாக, அவசரமில்லாமல். எதிரே என் வீட்டுக்காரர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததை நான் பார்த்தேன். அண்ணன் பந்தைத் தட்டினார். ஓங்கி அடிக்கக்கூட இல்லை. அது என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே உருண்டு உள்ளே போனது. அவர் அசையவில்லை.

அக்கரைக்காரர்கள்கூட ஒரு கணம் கத்த மறந்துவிட்டார்கள். எல்லோருடைய கழுத்தும் மெதுவாக உங்களை நோக்கித் திரும்பியது. உங்கள் புருசன் கோல் போட்டிருக்கிறார், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று பார்க்கத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தக் குரல் வந்தது. மைதானத்தில் மாதக்கணக்கில் கேட்காத குரல்.

"யண்ணே, முட்டையத் தின்னுட்டு மரமாட்டம் நிக்கீகளே! பந்து கண்ணுக்குத் தெரியலையா, இல்ல எம் புருசன் மேல பாசம் பொத்துக்கிட்டு வருதா?"

முதலில் சிரித்தது யாரென்று எனக்குத் தெரியாது. பிறகு சரிவே சிரித்தது. அக்கரைக்காரர்கள் சிரித்தார்கள். கோல் போட்ட அண்ணன் இடுப்பில் கையை வைத்து, தலையைக் குனிந்துகொண்டு பழையபடி சிரித்தார். என் வீட்டுக்காரர் காதுவரை சிவந்துபோய்ப் பந்தைப் பொறுக்க வலைக்குள் போனார். நீங்கள் விடவில்லை. அடுத்து நம் கேப்டனைப் பிடித்தீர்கள், அவரைத் தாண்டித்தானே பந்து வந்தது என்று. அவரைத் திட்ட உங்களுக்கு உரிமையில்லை என்று அவரே முந்தின நாள் சொல்லியிருந்தார். அவர் திரும்பி நம் சரிவைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். முட்டை தின்றவன் தலையாட்டுவதுபோல் ஒரு தலையாட்டல் ஆட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், முந்தின நாள் மந்திரித்த முட்டை என்று சொன்ன அதே மகராசி, சாக்கை இழுத்து நகர்ந்து உட்கார்ந்து, நின்னா கால் வலிக்காதா, வந்து உட்காரு என்று உங்களைக் கூப்பிட்டாள்.

அன்று நாம் தோற்றோம். அந்தத் தோல்வி எனக்கு நினைவில் இருக்கிற அளவு சந்தோஷமாக எந்த வெற்றியும் நினைவில் இல்லை.

அதற்குப்பிறகு அண்ணன் இன்னும் இரண்டொரு எஸ்டேட்டுக்காகவும் ஆடினார், கடைசியில் அக்கரையிலேயே நிலைத்தார். கால் ஓய்ந்தபிறகு நீங்கள் கணக்குப் போட்டபடியே மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்த்து, முழுக்காலோடு ஓய்வு பெற்றார். அவர் பனியனை நீங்கள் வெளுப்பது போல் யாரும் வெளுக்க முடியாது, விடிவதற்கு முன்னால் எழுந்து அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து அனுப்புவீர்கள். அனுப்பிவிட்டு நம் பக்கம் வந்து உட்கார்ந்து அவரைத் தோற்கடிக்கச் சொல்லிக் கத்துவீர்கள். அக்கரைப் பெண்கள் உங்களை என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. அண்ணனிடம் ஒருமுறை என் வீட்டுக்காரர் கேட்டார், இது உனக்கு வருத்தமாக இல்லையா என்று. வீட்டில் அவள் என் பக்கம், மைதானத்தில் அவள் லயத்துப் பக்கம் என்று அண்ணன் சொன்னாராம். கேப்டன் உங்களோடு பேசினார், உங்கள் முட்டையை வாங்கினார். அண்ணனோடு மட்டும் கடைசிவரை பேசவில்லை. அப்படி ஒரு வைராக்கியம். இருவரும் வயதாகி, டவுனில் ஒரே கடையில் ஒரே பெஞ்சில் இரு முனையில் உட்கார்ந்து டீ குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு ஆட்டங்கள் நின்றன. நாங்கள் வேலை முடிந்து வீட்டை ஒப்படைத்துவிட்டுக் குமுளிக்கு வந்தோம். லயத்தில் பாதிப்பேர் கம்பத்துக்கும் தேனிக்கும் இறங்கினார்கள். நீங்கள் அக்கரையில் மகளோடு இருந்தீர்கள்.

உங்கள் செய்தி மழைக்கு நடுவில் வந்தது. நாங்கள் வந்து சேர்ந்தபோது உங்களைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம். அண்ணன் சுவரோரம் நாற்காலியில், யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்துப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்த வேண்டும். முன்னால் நின்று முறை செய்தவர் வாசலைப் பார்த்துக் கேட்டார், பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா என்று. உங்கள் கூடப்பிறந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகள் தென்காசியில் எங்கே இருக்கிறார்கள் என்று உங்கள் மகளுக்கே தெரியவில்லை. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மறுபடியும் கேட்டார். பிறந்த வீடு இல்லாதவள் என்று ஊர் நினைக்கும்படி உங்களை அனுப்புவதா, ஒரு சேலை கொண்டுவர எனக்குத் தோன்றவில்லையே என்று கையைப் பிசைந்தேன்.

வாசலில் மழைக்குள்ளிருந்து கேப்டன் வந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள், நடை அவ்வளவுதான். கம்பத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் பழைய டீமில் உயிரோடு மிஞ்சியவர்கள் எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள், ஒருவர் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய சேலை. என் வீட்டுக்காரர் எழுந்துபோய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். யார் நீங்கள், என்ன முறை என்று முறை செய்தவர் கேட்டார்.

"எங்க லயத்துப் பொண்ணு. கோடி நாங்கதான் போடணும்" என்றார் கேப்டன்.

என் வீட்டுக்காரர் ஒரு முனையும் கேப்டன் ஒரு முனையுமாகப் பிடித்து உங்களுக்கு அந்தச் சேலையைப் போர்த்தினார்கள். கேப்டனால் நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு கேப்டன், வயதான தன் கையை எடுத்து அண்ணனின் தொடைமேல் வைத்து, "மாப்ள" என்றார். அண்ணன் அப்போதுதான் அழுதார். அதுவரை அவர் அழவே இல்லை என்று உங்கள் மகள் பிறகு என்னிடம் சொன்னாள்.

மகனுக்கு இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை, மதினி. ஆட்டக்காரன் போனது தப்பில்லை என்பேனா, இவன் கோபப்படுவது தப்பு என்பேனா? இரண்டும் இல்லை. கோபம் தணிந்ததும் மறுபடி பார்க்க உட்காருவான், பக்கத்தில் நானும் உட்காருவேன். எனக்குப் பந்து எங்கே போகிறது என்று இப்போதெல்லாம் சரியாகத் தெரிவதில்லை, கண் மங்கிவிட்டது. நான் பார்ப்பது வேறு. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் கொஞ்சம் முன்னால் குனிந்து தேடுகிறேன். ஒரே நிறம் உடுத்திய அந்த ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில், தப்பான பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தி எங்காவது இருக்கிறாளா என்று.